கறுப்புக் கரை போட்ட சிவப்புக் கார்

அந்தக் கரைகள் மட்டும் நரைத்துப் போயிருக்காவிட்டால் செலீனின் காரில் யாரும் ஒரு குறை கண்டுபிடித்திருக்க முடியாது. மாதுளம்பழச் சிவப்பு. ஒரு பொத்தானை அமத்தினால் கூரை எழும்பிப் பின்னால் போய் மடிந்து படுத்துவிடும். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் அவள் குடியிருந்த தெருவில் அப்படியொரு கன்வெர்டிபிள் வேறு எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனார் அரை மனதோடு விற்ற கார் அது. எஞ்சின் இன்றைக்கும் சொன்னபடி கேட்கும். இருக்கைத் தோலில் ஒரு கீறல் கிடையாது.

ஆனால் சேலைக்குக் கரை போல அந்தக் காரைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்ரிக் பட்டிகள் ஓடின. கதவுக் கண்ணாடியின் அடியில் ஒன்று, முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மடித்த கூரை வந்து படுக்கிற இடத்தைச் சுற்றி ஒன்று. கடைக்காரர்கள் அதை ட்ரிம் என்பார்கள். செலீனுக்கு அது கரைதான். வெயிலும் பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பும் சேர்ந்து அந்தக் கரையைத் தின்றுவிட்டிருந்தன. பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே சாம்பல் பூத்துப் போய்க் கிடந்தது. நல்ல பட்டுச் சேலைக்குக் கந்தல் கரை வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

செலீனின் தொழில் பொம்பிளை வெளிக்கிடுத்துவது. கலியாணப் பெண்ணுக்கு முகம் செய்து, தலை கட்டி, சேலை உடுத்தி, நகை பூட்டி, மணவறைக்கு அனுப்பும் வரை அவள் பொறுப்பு. ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், பெண்ணைப் பார்த்து வாய் பிளந்து நிற்பவர்கள் அடுத்ததாகக் கேட்கிற கேள்வி, "செலீன் அன்ரியோ வெளிக்கிடுத்தினது?" என்பதுதான். அந்த உழைப்பில் அவள் தனக்கென்று வாங்கிய ஒரே ஒரு ஆடம்பரம் இந்தக் கார். பின் இருக்கையில் மேக்கப் பெட்டிகளை அடுக்கி, விடிய முன்னர் எத்தனையோ பேருடைய பிள்ளைகளைத் தேடிப் போயிருக்கிறாள். அப்போதெல்லாம் மனதில் ஓர் ஆசை கூடவே இருந்தது. ஒருநாள் பெட்டிகளை இறக்கிவிட்டு, அந்தப் பின் இருக்கையில் தன்னுடைய மகள் நடாஷாவை மணப்பெண்ணாக இருத்தி, கூரையைத் திறந்துவிட்டு, தானே மாதா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த நாள் வந்துவிட்டது. சனிக்கிழமை கலியாணம். வில்லங்கமும் கூடவே வந்து சேர்ந்தது.

வில்லங்கத்தின் பெயர் வேரோனிக்கா. செலீனின் கணவர் அமிர்தநாதருக்கு மூத்த அக்கா. ஞாயிறு பூசை முடிந்து நேரே இவர்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்க முதலே விசயத்தை எடுத்துவிட்டாள்.

"வெள்ளைக் கார் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். நீளமான கார், தொப்பி போட்ட ட்ரைவர். என்ர பரிசு. வியாழக்கிழமை பின்னேரத்துக்குள்ளை ஓம் எண்டு சொல்லவேணும்."

"மச்சாள், நான்தான் ஓடுறன் எண்டு எப்பவோ சொல்லிப்போட்டன்" என்றாள் செலீன்.

"பொம்பிளையின்ர தாய் ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு வந்து இறங்கிறதோ? மாப்பிளை வீட்டுச் சனம் உம்மைக் கூலிக்கு வந்த ட்ரைவர் எண்டெல்லோ நினைக்கும்! அதுவும் உந்தச் சொறி பிடிச்ச காரிலை."

செலீனுக்குச் சுருக்கென்று ஏறியது. கணவரைப் பார்த்தாள். அமிர்தநாதர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்ப்பதில் மிகவும் கவனமாக இருந்தார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்டால் அவருக்கு எப்போதும் பசி எடுத்துவிடும்.

கடைசியில், அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த நடாஷாதான் தீர்ப்புச் சொன்னாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. எதற்கும் ஒரு தவணை வைப்பாள்.

"அம்மா, நீங்க ஓடுறதிலை எனக்குப் பிரச்சினையே இல்லை. ஐ லவ் இற். ஆனா அந்த ட்ரிம்... ஃபோட்டோவிலை எல்லாம் வரும். லைஃப் லோங் இருக்கும். வியாழக்கிழமை வந்து பாக்கிறன். நல்லா இருந்தா உங்கட கார். இல்லாட்டி மாமியின்ர வெள்ளைக் கார். டீல்?"

"டீல்" என்றாள் செலீன். அன்றிரவு படுக்கப் போகும்போதும் அந்தச் சொறி என்ற சொல் காதில் இரைந்துகொண்டே இருந்தது. என்ர காருக்கோ சொறி? பார்ப்பம்.

திங்கட்கிழமை காலை கராஜ் கதவைத் திறந்தாள். கலியாணம் இல்லாத நாள், கைபேசியும் சும்மா கிடந்தது. பட்டிகளைக் கழற்றுவது எப்படி என்று முந்தின கிழமையே வீடியோக்களைப் பார்த்து வைத்திருந்தாள். கதவைத் திறந்து அதன் ஓரத்தில் இருந்த சிறு ஆணியைக் கழற்றி, தட்டையான பிளாஸ்ரிக் நெம்பியை அடியில் கொடுத்து, ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்ல எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பிடித்திருக்கும் கிளிப் முறிந்துவிடும். செலீனுக்கு அவசரமே இல்லை. பொய் இமையைக் கண்ணுக்கு நோகாமல் கழற்றுகிற கை அது. முன்கண்ணாடித் தூணில் ஒரு கிளிப் மட்டும் உள்ளே விழுந்து ஒளித்துக்கொண்டது. மேக்கப் பெட்டியில் இருந்து இமை ஒட்டும் சாமணத்தை எடுத்து வந்து அதையும் பிடித்து இழுத்தாள். கழற்றிய ஒவ்வொரு பட்டியின் பின்புறத்திலும் ஒரு துண்டு ரேப் ஒட்டி, இடது முன், வலது பின் என்று எழுதி வைத்தாள். கரை இல்லாமல் நின்ற கார், சேலை களைந்து உள்பாவாடையோடு நிற்கிற பெண்ணைப் போல வெட்கப்பட்டு நின்றது. அவள் ஒரு பழைய போர்வையை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டாள்.

பிறகு உரிந்த பூச்சையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். முதலில் முரடானது, பிறகு நைசானது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தாள். கலியாணச் சேலைகள் தொங்கவிடும் சில்லுப் பூட்டிய தாங்கியில் பட்டிகளைக் கம்பித் துண்டுகளால் கட்டித் தொங்கவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை அடிப்பூச்சுக்குப் பிறைமர் அடித்தாள். அது காய, கறுப்பு ஸ்பிரே டப்பாவை எடுத்துக் குலுக்கி முதல் பூச்சாக ஒரு வரி அடித்தாள்.

அடித்த கையோடு குனிந்து பார்த்தாள். கறுப்பு ஒட்டவில்லை. விழுந்த இடத்திலேயே சுருங்கி, விலகி, அம்மைத் தழும்பு மாதிரிச் சிறு சிறு குழிகளாகப் பிரிந்துகொண்டு போனது. ஒரு பட்டியில் அல்ல, எல்லாவற்றிலும்.

வேறு யாராவது என்றால் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க ஓடியிருப்பார்கள். செலீனுக்கு இந்தக் குழிகள் பழக்கமானவை. தலை முழுக வார்த்த அடுத்த நாள் வந்து உட்காருகிற மணப்பெண்களின் நெற்றியில் அவள் இதைக் கண்டிருக்கிறாள். எண்ணெய்! எண்ணெய் ஊறிய தோலில் எந்த மேக்கப்பும் நிற்காது. ஆனால் காருக்கு யார் தலை முழுக வார்த்தது?

ஒரு பட்டியைக் கையில் எடுத்து, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டினாள். பிளாஸ்ரிக் வியர்த்தது. மூக்குக்கு அருகில் கொண்டு போனாள். அப்படியே தேங்காயெண்ணெய். சந்தேகமே இல்லை, அவளுடைய குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அதே போத்தல்.

"இஞ்சேருங்கோ!"

பேக்கரி வேலை முடிந்து வந்து குட்டித் தூக்கம் போட்டிருந்த அமிர்தநாதர் அந்தக் குரலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"காருக்கு எண்ணெய் பூசினது ஆர்?"

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய். மணந்து பாருங்கோ. பொய் சொல்ல வேண்டாம்."

அவர் மணந்து பார்த்தார். பொய் சொல்லவில்லை. கராஜில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஞாயிற்றுக்கிழமையிலை பூசைக்குப் போக முதல், கார் சூடாக்கப் போறன் எண்டு வெளியிலை வாறனான் எல்லோ..."

"ஓம்?"

"அப்ப ஒரு பழைய பெனியன் துண்டிலை கொஞ்சம் தொட்டு அந்தக் கரைக்குப் பூசிவிடுறனான். கறுப்பாய், மினுங்கிக்கொண்டு நிக்கும். பூசை முடிஞ்சு வரும்மட்டும் தாங்கும். கோயில் பார்க்கிங்கிலை நிக்கேக்கை நரைச்சுப் போய் நிக்கக்கூடாதெண்டுதான். ஒருக்கா அக்காவும் அவவின்ர சினேகிதியளும் அதைக் காட்டிச் சிரிச்சவை. எனக்கு ஒருமாதிரிப் போச்சு."

செலீனுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வருவது என்று இரண்டும் சண்டை பிடித்தன. வருடக் கணக்காக இந்த மனிதர் அவளுடைய காரைத் தலையில்லாக் கார் என்று பகிடி பண்ணி வந்தவர். பனிக்காலத்தில் தொப்பியைக் கழற்றித் திரிகிற கார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அதே மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் குளிரில் குனிந்து நின்று அதற்கு எண்ணெய் பூசியிருக்கிறார்.

"சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னால் நீர் பேசுவீர்."

"பேசத்தான் போறன். பூசின எண்ணெயெல்லாம் வேர்விட்டுப் போய் இருக்கு. இண்டைக்குப் பூச்சு முழுக்க நாசம்." அவள் கையிலிருந்த பட்டியைக் கீழே வைத்தாள். வாயில் வந்ததை இனி அடக்க முடியவில்லை. "அது கிடக்கட்டும். எண்ணெய் பூசுறவர் ஒருநாள் எண்டாலும் இது செலீன்ர கார் எண்டு ஆருக்கும் சொல்லியிருக்கிறியளோ? கோயிலடியிலை ஆர் கேட்டாலும் 'எங்கடைதான்' எண்டு சொல்லிப்போட்டு நிப்பியள். சனம் உங்கடை கார் எண்டு நினைச்சுக்கொண்டு போகும். நான் பக்கத்திலை கார்த் திறப்பைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

அமிர்தநாதர் வாளியிலிருந்து எழும்பிச் சட்டைக் கையை மடித்தார்.

"என்ன செய்யவேணும் எண்டு சொல்லும்" என்றார்.

அவள் சொன்னாள். முதலில் கெட்ட பூச்சை வழித்தெடுத்தார்கள். பிறகு கொதிநீரில் பாத்திரம் கழுவும் சோப்பு. பிரசால் அவர் தேய்க்கத் தேய்க்க அவள் சூடு காட்டினாள். பிளாஸ்ரிக் வியர்க்க வியர்க்க எண்ணெய் எடுக்கும் திரவத்தில் தோய்த்த துணியால் துடைத்தாள். ஒரு துணியை மறுபடி தொட விடவில்லை. அழுக்கான துணி எண்ணெயைத் திரும்பப் பூசிவிடும் என்று சொல்லிச் சொல்லிப் புதுத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். மணமகள் ஒருத்தியின் முகத்தைக்கூட அவள் இத்தனை தரம் துடைத்தது கிடையாது. பட்டிகளில் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நின்றது போய், ஒரே படலமாகப் பரவி ஓடும் வரைக்கும் அவள் அவரை விடவில்லை. நடுவில் வேரோனிக்கா இரண்டு தரம் ஃபோன் எடுத்தாள். அமிர்தநாதர் கை ஈரம் என்று சொல்லி வைத்துவிட்டார். அக்காவின் அழைப்பை அவர் அப்படி வைத்ததைச் செலீன் அன்றைக்குத்தான் கண்டாள்.

புதன்கிழமை மறுபடி உப்புத்தாள், மறுபடி துடைப்பு, மறுபடி பிறைமர். கறுப்பு டப்பாவை எடுத்து வழமையைவிட நெடுநேரம் குலுக்கினாள். இந்தமுறையும் குழி விழுந்தால் இன்னொரு தரம் செய்ய நாளில்லை. வெள்ளைக் காரும் தொப்பி போட்ட ட்ரைவரும் வந்து நின்றுவிடுவார்கள். அவள் விருந்தினரோடு விருந்தினராய் வேறு யாருடைய காரிலோ ஒட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை நிறுத்தாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்லிசாக ஒரு வரி அடித்தாள்.

நின்றது. ஒரு குழி இல்லை. கறுப்பு அப்படியே படிந்து, ஈரத்தோடு மினுங்கி, பிறகு மெல்ல மெல்ல அடங்கி ஒரு பட்டுக் கறுப்பாக வந்தது.

"எப்பிடி?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்டாள்.

"தொட்டுப் பாக்கலாமோ?"

"கையை முறிச்சுப் போடுவன்."

அன்றைக்கு மூன்று வரி அடித்தாள். ஒவ்வொன்றும் காயும் வரை கராஜ் வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள், ஒரு பூச்சி வந்து ஒட்டிவிடக் கூடாதென்று. வியாழக்கிழமை மத்தியானம் இருவருமாகப் பட்டிகளை ஏற்றினார்கள். அவள் இடத்தைச் சொல்ல, அவர் எடுத்துக் கொடுத்தார். இடது முன். வலது பின். ஒவ்வொரு கிளிப்பும் டக் என்று விழுந்து பூட்டியபோது செலீனின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசிப் பட்டியை அமத்திவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து பார்த்தாள். சிவப்பு முன்னையதைவிடச் சிவப்பாக இருந்தது. கரை வைத்த பிறகுதான் சேலை சேலையாகிறது. என்ர கார், என்று வாய்விட்டே சொன்னாள். சொல்ல வெட்கமாக இல்லை.

நடாஷா பின்னேரம் வேலையால் நேரே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து பார்த்தாள், கைபேசியில் படம் எடுத்து விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். செலீன் கைகளைக் கட்டிக்கொண்டு, கவலையே இல்லாதவள் போல நின்றாள்.

"அம்மா, இது நீங்களா செய்தது? லைக், நீங்களே?"

"அப்பாவும் தேய்ச்சவர்."

நடாஷா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அப்படியே ஒரு கையால் ஃபோனை எடுத்து, "மாமி, தாங்க் யூ சோ மச், வெள்ளைக் கார் வேண்டாம். என்னை அம்மாதான் கூட்டிக்கொண்டு போறா" என்றாள். மறுபக்கத்தில் வேரோனிக்கா நெடுநேரம் பேசினது கேட்டது. என்ன பேசினாள் என்று செலீன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று எறித்தது. மகளைத் தானே வெளிக்கிடுத்தி, வெள்ளை உடுப்பின் நீண்ட வாலைப் பின் இருக்கை முழுக்க விரித்து இருத்தினாள். அமிர்தநாதர் கோட் சூட்டோடு முன் இருக்கையில் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார். செலீன் பொன்னிறப் பட்டுக்குக் கீழே தட்டைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தாள். கூரை மடிந்தது. தெருவில் நின்றவர்கள் கை காட்டினார்கள், பஸ்சில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள், சந்தியில் ஒருவன் ஹோர்ன் அடித்தான். மகளுடைய சிரிப்பு பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது. செலீனுக்கு இந்த வீதி முழுக்கத் தன்னுடையது போல இருந்தது.

கோயில் வாசலில் கார் நின்றதும் மாப்பிள்ளை வீட்டார் சூழ்ந்துகொண்டார்கள். அமிர்தநாதர் இறங்கினார். மாப்பிள்ளை ஜஸ்ரினின் பெரியப்பா மொன்றியலில் இருந்து முதல் நாள்தான் வந்தவர், பெண் வீட்டாரில் யாரையும் அறியாதவர். அவர் முன்னே வந்து அமிர்தநாதரின் தோளில் தட்டினார்.

"பேந்தென்ன, நல்ல வடிவான கார்! எங்கை ஹயர் பண்ணினியள்? ட்ரைவரும் பொம்பிளை, நல்லா உடுத்தி அனுப்பியிருக்கிறாங்கள்."

செலீனின் கை ஸ்ரியறிங்கிலேயே உறைந்தது. படிக்கட்டில் நின்ற வேரோனிக்காவின் கண் அவளுடைய கண்ணைச் சந்தித்தது. நான் சொன்னன்தானே என்று அந்தக் கண் சொன்னது. இப்போது இவர் 'எங்கடைதான்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போவார் என்று செலீன் நினைத்தாள். மனது கசந்தது.

அமிர்தநாதர் சிரிக்கவில்லை. பூச்செண்டைக் கார் மூக்கின்மேல் வைத்தார்.

"ஹயர் இல்லை அண்ணை. இது என்ர மனுசி, செலீன். பொம்பிளையின்ர தாய். கார் அவவின்ரை. தன்ர உழைப்பிலை வாங்கினவ." குரல் வழமையைவிடப் பெரிதாக இருந்தது. படிக்கட்டில் நின்றவர்களும் திரும்பினார்கள். "பொம்பிளையை வெளிக்கிடுத்தினதும் அவ, கொண்டுவந்து இறக்கினதும் அவ. உந்தக் கறுப்புக் கரை முழுக்கக் கழட்டித் தேய்ச்சுப் பூசினதும் அவதான். தொட்டுப் பாருங்கோ, இப்ப தொடலாம்."

பெரியப்பா மூக்கு உடைபட்டுப் போய், கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, உண்மையாகவே தொட்டுப் பார்த்தார். "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று பகிடியாகக் கேட்டார்.

"நான் தேங்காயெண்ணெய் பூசிக் கெடுத்தனான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேரோனிக்காவும் சும்மா நிற்கவில்லை. படியால் இறங்கி வந்து, பக்கத்தில் நின்றவளிடம், "என்ர தம்பி பெண்சாதி எல்லோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். செலீனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. மேக்கப் கலைந்துவிடும் என்று மேலே வானத்தைப் பார்த்தாள்.

அமிர்தநாதர் பின் இருக்கையை மறந்துவிட்டவர் போலக் காரின் முன்புறத்தால் சுற்றி வந்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவின் கறுப்புக் கரையில் விரல் படாமல் கைபிடியைப் பிடித்து இழுத்துத் திறந்து, செலீனுக்குக் கையை நீட்டினார். படம் எடுப்பவன் கமெராவோடு ஓடி வந்தான்.

"அப்பா! பொம்பிளை பின்னாலை இருக்கிறன்!" என்று கத்தினாள் நடாஷா.

"இரு பிள்ளை," என்றார் அமிர்தநாதர். "முதல் அம்மா இறங்கட்டும்."